திருவிதாங்கூரின் தனியரசுக் கணக்கு

1947-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பிரிட்டிஷ் முடியரசின் மேலாதிக்கம் நீங்கியவுடன் திருவிதாங்கூர் எவர்க்கும் உட்படாத தனியரசாக விளங்கும் என்பது அதன் சாரம். மறுநாளே ஹைதராபாத் சமஸ்தானத்திலிருந்தும் அதையொத்த அறிவிப்பு வந்தது. ஹைதராபாத்தின் கதையை நாடு நன்கு நினைவில் வைத்திருக்கிறது. திருவிதாங்கூரின் கதையோ 49 நாட்களில் முடிந்துவிட்டதால், அதை ஒரு மனிதரின் பிடிவாதம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களும், இங்கிருந்து பம்பாய்க்கும் டில்லிக்கும் பிழைப்புத் தேடிச் சென்றவர்களும் அந்த 49 நாட்களைச் சற்றே நின்று பார்ப்பது நன்று. ஏனெனில் அத்தனியரசின் வரவு செலவுக் கணக்கில் தமிழ் பேசும் தாலுக்காக்களுக்குப் பெரும் பங்கு இருந்தது.

முதலில் திவானின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். அது வலுவற்ற வாதமன்று. திருவிதாங்கூர் பிரிட்டிஷாரால் போரில் வென்று கைப்பற்றப்பட்ட நாடன்று. 1795-இலும் 1805-இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளாலேயே அது கும்பினியாரின் பாதுகாப்பின் கீழ் வந்தது. உடன்படிக்கை செய்தவர்களில் ஒருவர் வெளியேறினால் மற்றவர் பழைய நிலையை அடைவார் என்பது நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய கூற்று. 1946 மே மாதத்தில் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு கொடுத்த விளக்கமும், 1947 ஜூலையில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு நிறைவேற்றிய இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவும், மேலாதிக்கம் புதிய இந்திய அரசுக்குக் கைமாறாது, நீங்கிவிடும் என்றே கூறின. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு சொல் இடர் உண்டு. மேலாதிக்கம் ‘நீங்கியது’ என்றால் அதிகாரம் யாரிடம் சென்றது? அரசரிடமா, மக்களிடமா? சட்டத்தின் சொற்கள் இதற்கு விடை சொல்லவில்லை. திவான் தாமே விடை சொல்லிக்கொண்டார்: அரசரிடம்.

அளவிலும் திருவிதாங்கூர் சிறியதன்று. 1941-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அதன் மக்கள்தொகை 60 இலட்சத்துக்கு மேல். பரப்பு ஏறத்தாழ 7,660 சதுர மைல். பரப்பில் சுவிட்சர்லாந்தில் பாதிதான் எனினும் அன்றைய மக்கள்தொகையில் அதனை விஞ்சியது. கடற்கரை இருந்தது, பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940 முதல் இயங்கிற்று, பல்கலைக்கழகம் 1937-இலும் அரசுப் போக்குவரத்து 1938-இலும் தொடங்கப்பட்டன. ஆலுவாயை அடுத்து உரத் தொழிற்சாலை எழுந்தது. தேயிலை, மிளகு, கயிறு, முந்திரி ஆகியவை வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவந்தன. இவற்றுள் பலவற்றுக்குக் காரணமாக இருந்தவரும் இராமசாமி ஐயரே. 1936-ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுப் பிரகடனத்திலும் அவருக்குப் பங்குண்டு. வந்தவாசியில் பிறந்து சென்னையில் வழக்கறிஞராகப் புகழ்பெற்ற அவருக்குக் கணக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது.

ஆயினும் அக்கணக்கில் பல புள்ளிகள் நேராகவில்லை.

முதலாவது அரிசி. திருவிதாங்கூர் தன் உணவு நெல்லில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை வெளியிலிருந்து வாங்கியே உண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிக் கிழங்கைப் பரப்பியது இக்குறையை உணர்ந்துதான். நிலத்தில் தென்னையும் மிளகும் வைத்துக் காசு பார்ப்பது, அக்காசில் பர்மா அரிசி வாங்குவது என்ற ஏற்பாடு, கப்பல் வரும்வரை செவ்வையாக நடந்தது. 1942-இல் இரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் கப்பல் நின்றது. சேர்த்தலைப் பகுதிக் கயிற்றுத் தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பசி சொல்லுந்தரமன்று. பங்கீட்டு முறை வந்தது. பங்கிடுவதற்கான தானியத்திற்கு இந்திய அரசின் ஒதுக்கீட்டையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. தனியரசு என்று அறிவித்த மறுநாளும் மக்கள் உண்ண வேண்டுமன்றோ? அதனால்தான் திவான் ஜின்னாவோடு தொடர்பு கொண்டு, சிந்து மாகாணத்து அரிசிக்கு வழி தேடினார். பாகிஸ்தானுக்குத் திருவிதாங்கூரின் பிரதிநிதி ஒருவரை அனுப்பும் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் சினத்தைக் கிளப்பிய இச்செய்தியின் அடியில் இருந்தது அரிசி மூட்டைதான் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

சொந்த நெல் எங்கே விளைந்தது? குட்டநாட்டில் ஒரு பகுதி; மற்றொரு பெரும்பகுதி நாஞ்சில் நாட்டில். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுக்காக்களின் வயல்களுக்காகவே திருவிதாங்கூர் அரசு பேச்சிப்பாறை அணையைக் கட்டி 1906-இல் முடித்தது. அவ்வயல்களை உழுதவர்களும் நெல்லை அளந்தவர்களும் தமிழர்கள்.

இரண்டாவது சுங்கம். இதன் வேர் பழையது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, ‘ஸ்டாச்சு’ என்றே அவ்விடத்திற்குப் பெயர் தரும்படி நிற்கும் சிலை, கும்பகோணத்தில் பிறந்த திவான் சர் டி. மாதவராவுடையது. அவர் காலத்தில் மிளகிலும் புகையிலையிலும் இருந்த அரசின் தனியுரிமைகள் ஒழிந்தன. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் வணிக உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. அதன்படி பிரிட்டிஷ் இந்தியப் பொருள்கள் பெரும்பாலும் தீர்வையின்றித் திருவிதாங்கூருக்குள் வரலாம். வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பிரிட்டிஷ் இந்தியாவில் உள்ள தீர்வையே இங்கும் விதிக்கப்பட வேண்டும். உப்பின் விலையும் அவ்வாறே. வணிகம் பெருகிற்று, ஆலப்புழை செழித்தது. ஆனால் தன் எல்லையில் தானே தீர்வை விதிக்கும் உரிமையை அன்றே திருவிதாங்கூர் பெருமளவு விட்டுக்கொடுத்துவிட்டது. பின்னர்க் கொச்சித் துறைமுகம் பெரிய கப்பல்களுக்கு ஏற்றதாக விரிவாக்கப்பட்டபோது, அதன் சுங்க வருவாயில் இந்திய அரசோடும் கொச்சியோடும் திருவிதாங்கூர் பங்கு பெற்றது. அதாவது அதன் வெளிநாட்டு வணிகத்தின் தலைவாயில் அதன் எல்லைக்குள் இல்லை. அவ்வாயிலின் திறவுகோலில் மூவர் கை வைத்திருந்தனர். எண்பத்திரண்டு ஆண்டு பழகிய இவ்வேற்பாட்டை ஓர் ஆகஸ்டு மாத நள்ளிரவில் முறித்தால், வாளையாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் சுங்கச் சாவடி யார் வைப்பது என்ற கேள்விக்கு முன், கொச்சிப் பங்கு யாருக்கு என்ற கேள்வி எழும். வாளையாறு கொச்சிக்கும் அப்பால் மலபாருடைய எல்லை. அங்கே திருவிதாங்கூருக்கு வேலையே இல்லை என்பதே இதில் உள்ள இடர்ப்பாடு.

நிலவழியும் அப்படியே. அன்று திருவனந்தபுரத்திலிருந்து இரயிலில் வெளியுலகுக்குப் போக ஒரே வழிதான் உண்டு: கொல்லம், புனலூர், செங்கோட்டை, பிறகு திருநெல்வேலி. 1904-இல் திறக்கப்பட்ட அந்த மலைப்பாதையைத் தென்னிந்திய இரயில்வே நடத்தியது. எர்ணாகுளத்தோடு நேர் இரயில் இணைப்பு 1958-இல்தான் நிறைவெய்திற்று. செங்கோட்டை திருவிதாங்கூருக்குச் சொந்தமான தாலுக்காவே எனினும் தமிழ்த் தாலுக்கா. இன்னொரு விந்தையையும் சொல்லலாம். திருவிதாங்கூர்க் கடற்கரையிலேயே இருந்த அஞ்சுதெங்கும் தங்கசேரியும் சமஸ்தானத்துக்கு உரியவையல்ல, பிரிட்டிஷாருக்கு உரியவை, திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்த்து ஆளப்பட்டவை.

மூன்றாவது நாணயம். திருவிதாங்கூருக்குச் சொந்த நாணயம் இருந்தது என்பதில் இன்றும் திருவனந்தபுரத்துப் பெரியவர்களுக்குப் பெருமை. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். அந்தச் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில் அன்றைய நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. சில்லறையில் சங்கு முத்திரை பதிந்திருந்தது. பெருந்தொகை கைமாறும்போது இந்திய ரூபாய் நோட்டே வேண்டியிருந்தது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி முறிந்து, ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு முடங்கியதை மக்கள் மறந்திருக்கவில்லை. தனி நாணயத்துக்குப் பின்னால் நிற்கும் வங்கி எது, அதற்கு ஆதாரமான தங்கம் எங்கே என்ற கேள்விக்கு அந்த 49 நாட்களில் தெளிவான பதில் வெளிவந்ததாகத் தெரியவில்லை.

இது திருவிதாங்கூருக்கு மட்டும் நேர்ந்த இக்கட்டன்று. 1921-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தன்னாட்சி பெற்ற அயர்லாந்து, பிரிட்டனின் பொதுக் கடனில் பங்கேற்கவும் அதில் ஒப்புக்கொண்டிருந்தது. 1925-இல்தான் அச்சுமை நீங்கிற்று. நிலத் தவணைத் தொகைகளைப் பற்றிய வழக்கு 1932 முதல் 1938 வரை இரு நாடுகளுக்கும் இடையே வணிகப் போராகவே நடந்தது. அயர்லாந்து தனி நாணயம் அச்சிட்ட பிறகும் 1979 வரை அதன் மதிப்பு பிரிட்டிஷ் பவுனோடு பிணைந்தே இருந்தது. 2014-இல் ஸ்காட்லாந்தில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தபோதும் எந்த நாணயம், எவ்வளவு கடன் என்பவையே மேடைதோறும் எழுந்த வினாக்கள். ஆனால் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மக்களைக் கேட்டார்கள். அவ்வேற்றுமை சிறிதன்று.

வரவுப் பக்கத்தில் திவான் பெரிதும் நம்பியது மணலை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். முதலில் எரிவாயு விளக்கின் வலைத்திரிக்கு அது பயன்பட்டது. அணுகுண்டு வெடித்த பின், மோனசைட்டிலுள்ள தோரியத்தின் மேல் வல்லரசுகளின் கண் விழுந்தது. பிரிட்டிஷ் அரசு திருவிதாங்கூரோடு நேரே பேரம் பேசிற்று; டில்லியில் இருந்த தேசத் தலைவர்களுக்கு அது கவலை அளித்தது. சவரைக் கரையிலும் அம்மணல் உண்டு என்றாலும், முதலில் புகழ்பெற்ற மணவாளக்குறிச்சி கல்குளம் தாலுக்காவில் இருக்கிறது. ஆக நெல்லுக்கு நாஞ்சில் நாடு, இரயிலுக்குச் செங்கோட்டை, மணலுக்கு மணவாளக்குறிச்சி. பீருமேட்டு மலையில் தேங்கும் பெரியாற்று நீரையும் இதனோடு எண்ணலாம். 1886-இல் 8,000 ஏக்கர் நிலத்தை ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம், ஆண்டுக்கு 40,000 ரூபாய்க்கு, 999 ஆண்டுக் குத்தகையாகச் சென்னை மாகாணம் பெற்றது. மேலாதிக்கத்தோடு உடன்படிக்கைகளும் நீங்கும் என்றால் மதுரைச் சீமையின் பாசனமும் கேள்விக்குள்ளாகும். அக்குத்தகை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இலும் 2014-இலும் தீர்ப்பளிக்க நேர்ந்ததிலிருந்தே, அவ்வாதம் எவ்வளவு நீண்ட நிழலை வீழ்த்திற்று என்பது விளங்கும்.

தனியரசின் ஆதாரங்களாகக் கருதப்பட்டவற்றில் இத்தனை பொருள்கள் தமிழ்த் தாலுக்காக்களில் இருந்தன. அத்தாலுக்காக்களின் மனமோ வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. 1945-46-இலேயே நாகர்கோவிலில் தமிழர் இயக்கம் உருவாகி, பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்று, நேசமணி முதலியோர் தலைமையில் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டது. மலையாளிகளும் திவானின் பின்னால் நிற்கவில்லை. 1938 முதல் பொறுப்பாட்சி கேட்டு வந்த சமஸ்தானக் காங்கிரஸ் தனியரசை எதிர்த்தது. சட்டசபையால் நீக்க முடியாத திவானைத் தலைவராகக் கொண்ட ‘அமெரிக்க மாதிரி’ அரசியலமைப்பை, அமெரிக்க மாதிரி அரபிக்கடலில் என்று தொழிலாளர்கள் எள்ளி நகையாடினார்கள். 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் அவர்கள்மீது இராணுவம் சுட்டது. இறந்தோர் எத்தனை பேர் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பசித்தவரைச் சுட்ட அரசு, எட்டு மாதத்துக்குள், அதே மக்களின் பேரால் சுதந்திரம் கோரியது. திவானின் சட்ட வாதத்தை நாம் மதிக்கிறோம். இதை ஏற்க முடியவில்லை.

ஜூலை மாதம் 20-ஆம் நாளுக்குப் பின் திவான் டில்லி சென்று மவுண்ட்பேட்டனோடு பேசினார். சேர்வதற்குக் கேட்கப்பட்டவை மூன்றே துறைகள்: பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்து. ஜூலை 25-ஆம் நாள் மன்னர் மண்டலத்தில் மவுண்ட்பேட்டன், இச்சேர்க்கையால் சமஸ்தானங்களுக்குப் பணச்சுமை எதுவும் வாராது என்று உறுதி கூறினார். அதே நாள் இரவு திருவனந்தபுரத்தில், சுவாதித் திருநாள் சங்கீத சபையின் விழாவில், திவான் வெட்டப்பட்டார். வெட்டியவர் கே. சி. எஸ். மணி என்பது பின்னர் வெளிப்பட்டது. திவான் முகத்தில் காயங்களோடு உயிர் தப்பினார். ஜூலை 30-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா இந்தியாவோடு சேர இசைந்து தந்தி கொடுத்தார். ஆகஸ்டு 19-ஆம் நாள் திவான் திருவனந்தபுரத்தை விட்டு நீங்கினார். ஒரு வாள்வெட்டே தனியரசை வீழ்த்தியது என்று சொல்வது வழக்கம். எமக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அரிசியும் சுங்கமும் அதற்கு முன்பே வீழ்த்திக்கொண்டிருந்தன.

இதே இராமசாமி ஐயர் பின்னாளில், தேசிய ஒருமைப்பாட்டையும் பிரதேச உணர்ச்சியையும் ஆராய அமைத்த குழுவுக்குத் தலைவரானார். அக்குழுவின் பரிந்துரையை ஒட்டி 1963-இல் அரசியல் சட்டத்தின் 16-ஆம் திருத்தம் வந்தது. நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர்கள் உறுதிமொழி எடுப்பது கட்டாயமாயிற்று. அவ்வாண்டில் திராவிட முன்னேற்றக் கழகம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1966-இல் அவர் இலண்டனில் காலமானார்.

இனிச் செட்டில்மெண்டு. சேர்க்கை என்பது வேறு, ஒன்றாதல் என்பது வேறு. இவ்விரண்டையும் தமிழில் ‘இணைப்பு’ என்று ஒரே சொல்லால் எழுதிவிடுவதால் மூன்று ஆண்டுகளின் வரலாறு மறைந்துபோகிறது. 1947-இல் மூன்று துறைகள் மட்டுமே டில்லிக்குச் சென்றன. கருவூலம் திருவனந்தபுரத்திலேயே இருந்தது. 1949 ஜூலை 1-ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. வி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழு சமஸ்தானங்களின் நிதிநிலையை ஆராய்ந்தது. 1950 ஏப்ரல் 1-ஆம் நாள் சுங்கமும் வருமான வரியும் மத்தியக் கலால் தீர்வையும் மத்திய அரசுக்கு மாறின. வருவாயில் ஏற்பட்ட குறையைச் சில ஆண்டுகள் ஈடுசெய்ய மத்திய அரசு ஒப்புக்கொண்டது. பணச்சுமை வாராது என்ற உறுதி மூன்று ஆண்டு நிறையுமுன் வேறொன்றாக மாறிவிட்டது. அதை ஏமாற்று என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் இடையில் 1948-இல் தேர்தல் நடந்து, பட்டம் தாணு பிள்ளை தலைமையில் மக்களாட்சி வந்திருந்தது. மகாராஜாவுக்குக் கொடுத்த உறுதியை மாற்றிப் பேச இப்போது மக்களின் பிரதிநிதிகள் இருந்தார்கள்.

அதே ஏப்ரல் 1-ஆம் நாள், 1943 முதல் திருவிதாங்கூர் அரசு நடத்திவந்த வானொலி நிலையமும் அகில இந்திய வானொலியைச் சேர்ந்தது. அஞ்சல் என்ற பெயரில் இயங்கிய சமஸ்தானத் தபால் துறை 1951-இல் இந்தியத் தபாலோடு கலந்தது. துறை மறைந்தாலும் அச்சொல் மறையவில்லை. தமிழ்நாட்டில் தபால் இன்று அஞ்சலாகவே வழங்குகிறது. மகாராஜாவுக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் மானியம் வகுக்கப்பட்டு, 1971-இல் ஏனைய மன்னர் மானியங்களோடு நின்றது.

எஞ்சியது தெய்வத்தின் கணக்கு. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, தாம் தாசராக நின்று ஆண்டார். முந்தைய அரசு கோயில் நிலங்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டதற்கு ஈடாக, 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆண்டுக்கு 51 இலட்சம் ரூபாய் தேவஸ்வத்துக்கு என்று எழுதப்பட்டது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. நிலம் பிரிந்தபோது கோயில்களும் பிரிந்தன. அரசியல் சட்டத்தின் 290-ஏ பிரிவு இன்றும் அப்பிரிவினையைச் சொல்கிறது: கேரளம் ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்கு 46 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், தமிழ்நாடு தன்னிடம் வந்த கோயில்களுக்காக 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் செலுத்த வேண்டும். ஆண்டுதோறும் சென்னைக் கோட்டையில் வரவு செலவுத் திட்டம் வரையும்போது அத்தொகை சட்டசபையின் வாக்குக்கு உட்படாத செலவாக எழுதப்படுகிறது.